தேர்வு வாரத்தில் கடையை மூட முடியுமா? படிக்கும்போதே செய்யத் தோதான தொழில் எது

கல்லூரியில் படித்துக்கொண்டே சின்னதாக ஏதாவது தொழில் செய்யலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் தொடங்குகிறார்கள். எவ்வளவு முதல் போட வேண்டும்? எவ்வளவு லாபம் வரும்? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் மாணவர் என்றால் அவற்றுக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். தேர்வு வரும்போது இந்தத் தொழிலை இரண்டு மூன்று வாரம் அப்படியே நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்?

படிப்பை முடித்துவிட்டுத் தொழில் செய்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. மாணவருக்கோ வருடத்தில் இரண்டு முறையாவது, தேதி குறித்து வரும் இடைஞ்சல் இது. அந்த நாட்களில் வாடிக்கையாளர் கோபப்படாமல், சரக்கு கெடாமல், கடன் ஏறாமல் தொழில் சும்மா கிடக்குமா? கிடக்கும் என்றால் மற்ற கணக்குகளைப் பார்க்கலாம். கிடக்காது என்றால் லாபம் எவ்வளவு பெரியதாகத் தெரிந்தாலும் ஒரு செமஸ்டரில் இரண்டில் ஒன்று அடி வாங்கும், பெரும்பாலும் படிப்பு.

நேரக் கணக்கையும் முதலிலேயே போட்டுவிடலாம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் இசிடிஎஸ் முறையில் ஓர் ஆண்டுப் படிப்பு என்பது 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம் வருகிறது. விடுமுறைகளைக் கழித்தால் வாரத்துக்கு 40 மணி நேரத்தை ஒட்டி. எல்லாரும் அவ்வளவு படிக்கிறார்களா என்பது வேறு கதை, ஆனால் படிப்பைத் திட்டமிட்டவர்கள் அதை ஒரு முழுநேர வேலையாகத்தான் நினைத்திருக்கிறார்கள். வாரத்தின் 168 மணியில் தூக்கத்துக்கு 56, படிப்புக்கு 40 போனால் மிச்சம் 72. அதில் சாப்பாடு, குளியல், போக்குவரத்து, துணி துவைப்பது, நண்பர்கள், சும்மா படுத்துக் கிடப்பது எல்லாம் போக, தொழிலுக்கு நம்பி ஒதுக்கக்கூடியது 12 முதல் 15 மணி நேரம் என்றுதான் நான் வைப்பேன். தேர்வு வாரத்தில் அதுவும் பூஜ்யம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

கைத்திறனை விற்பது

டியூஷன், போஸ்டர் வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங், மொழிபெயர்ப்பு, இணையதளம் அமைத்துத் தருவது, நிகழ்ச்சிகளில் படம் எடுப்பது, கணினி பழுது பார்ப்பது என்று இந்த வகை விரிந்துகொண்டே போகும். முதல் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் மடிக்கணினியும் கைப்பேசியும் போதும். வேலை முடிந்ததும் காசு வந்துவிடும். நஷ்டம் என்று வந்தால் போவது நேரம் மட்டும்தான். தொடங்குபவர்களுக்கு இதுதான் முதல் வழி என்பது என் கருத்து. ஆனால் இதற்குள்ளேயே நல்ல வகையும் மோசமான வகையும் உண்டு, அதைப் பிரித்துப் பார்க்காமல் இறங்குகிறவர்கள் அதிகம்.

உதாரணத்துக்கு ஒரு சிறிய நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை வருகிறது என்று வைப்போம். மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை தருவார்கள். நிம்மதியான வருமானம் என்று தோன்றும். ஆனால் அவர்களுக்குத் தினமும் ஏதாவது பதிவு வேண்டும், உங்களுக்கு நாளைக்குத் தேர்வு என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. அதே நிறுவனத்துக்கு ஒரு கையேட்டை வடிவமைத்துத் தரும் வேலை என்றால் தேதியை நீங்கள் சொல்லலாம். இன்ன தேதிக்குள் முடித்துத் தருகிறேன், அதற்குப் பிறகு ஒரு மாதம் புது வேலை எடுக்க மாட்டேன் என்று பேசிவிட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. மொத்தப் பணம் குறைவாக இருந்தாலும் மாணவருக்கு இரண்டாவதுதான் தோது.

டியூஷனில் ஒரு சிக்கல் இருக்கிறது. வருமானம் ஒழுங்காக வரும், மரியாதையும் உண்டு, சொல்லித் தரும்போது நமக்கே பாடம் தெளிவாகும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வும் உங்கள் தேர்வும் ஒரே பருவத்தில் வந்து நிற்கும். உங்களுக்கு ஓய்வு வேண்டிய வாரத்தில்தான் பெற்றோர் கூடுதல் வகுப்பு கேட்பார்கள். அந்த நேரத்தில் வரமாட்டேன் என்று சொல்கிற ஆசிரியரை அடுத்த வருடம் யார் கூப்பிடுவார்கள்? அதனால் தேர்வோடு சம்பந்தமில்லாதவற்றைச் சொல்லித் தருவது மேல். இசைக்கருவி, வேற்று மொழி, புரோகிராமிங், ஓவியம். எட்டு வாரப் பயிற்சி என்று தொடக்கத்திலேயே முடிவுத் தேதியோடு அறிவித்துவிட்டால், உங்கள் தேர்வுக்கு முன்பே அது தானாக முடிந்துவிடும்.

விலை சொல்வதில்தான் மாணவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஒரு லோகோ வரைய இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு அதற்கேற்ப ஒரு தொகை சொல்வார்கள். அப்புறம் நிறத்தை மாற்று, எழுத்தைப் பெரிதாக்கு, பழையதே நன்றாக இருந்தது என்று மூன்று மணி நேரம் போகும். பேசிப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம். வாங்கிய தொகையை இரண்டால் வகுத்தது தப்பு, ஆறால் வகுக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் பல நேரம் நூலகத்தில் பகுதிநேர வேலைக்குப் போயிருந்தால் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும் என்று தெரியும். இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவது முறைக்குத் தனிக் கட்டணம், பாதிப் பணம் அட்வான்ஸ் என்று மூன்று வரிகளை முதல் பேச்சிலேயே எழுதி அனுப்பிவிட வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, ஒரு குறுஞ்செய்தியாவது வேண்டும்.

வேலை தேடித் தரும் தளங்களில் பதிவு செய்யலாமா? செய்யலாம், அவர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். ஃபைவரில் விற்பவரிடமிருந்து 20 சதவீதம் பிடிக்கிறார்கள். நூறுக்கு வேலை செய்தால் கையில் எண்பது. முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம் பணம் வாங்கித் தரும் பொறுப்பை அவர்கள் ஏற்பதற்கு அது கூலி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மதிப்புரை ஒன்றுகூட இல்லாத புதியவருக்கு அங்கே முதல் வேலை கிடைப்பது சிரமம். முதல் நான்கைந்து வேலைகள் தெரிந்தவர் வட்டத்திலிருந்துதான் வரும்: துறைப் பேராசிரியர், மாணவர் மன்றம், உறவினரின் நிறுவனம், படித்து முடித்துப்போன சீனியர்.

இந்தப் பகுதியை முடிப்பதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்த மாணவரைத் தேடி வரும் முதல் வியாபாரம், அடுத்தவருக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பதுதான். சுலபமான காசு, கேட்பவர் பக்கத்து அறையிலேயே இருப்பார். கல்லூரி கண்டுபிடித்தால் எழுதிக் கொடுத்தவரும் வெளியேற்றப்படலாம். சில நாடுகளில் இது கல்லூரி விதியைத் தாண்டிச் சட்டத்துக்கே போய்விட்டது. ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் காசு வாங்கிக்கொண்டு மாணவர்களுக்கு இப்படி எழுதித் தருவதைக் குற்றமாக்கின. இதை ஒரு வாய்ப்பாகவே எண்ணிப் பார்க்க வேண்டாம்.

வாங்கி விற்பது

இந்த வழிக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் மைக்கேல் டெல். 1984இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும்போது, விடுதி அறையில் 1000 டாலர் முதலோடு கணினி வியாபாரம் தொடங்கினார். வீட்டில் அவரை மருத்துவராக்க நினைத்திருந்தார்கள். முதலாண்டு முடிந்ததும் 19 வயதில் படிப்பை விட்டார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் கடைசி வாக்கியத்தைத்தான் அழுத்திச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் என்ன விற்றார் என்பது. கணினியை வாங்கி அப்படியே விற்கவில்லை. கூடுதல் நினைவகம், டிஸ்க் டிரைவ் என்று சேர்த்து, மேம்படுத்தி விற்றார். அதாவது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் அவருடைய கைவேலை இருந்தது. அது இல்லாமல் வெறும் இடைத்தரகராக நிற்பவருக்கு, அதே பொருளை இன்னும் மலிவாகத் தரும் ஒருவர் இணையத்தில் எப்போதும் இருப்பார்.

கணக்கைப் பார்ப்போம். ஒன்று நூறு என்ற விலைக்கு நூறு பொருள் வாங்கினால் முதல் 10,000. ஒன்றை 150க்கு விற்கிறீர்கள். ஐம்பது சதவீத லாபம் என்று மனசு துள்ளும். ஆனால் 67 பொருள் விற்ற பிறகுதான் போட்ட முதல் கைக்குத் திரும்பும். லாபம் முழுவதும் கடைசி 33 பொருளில் இருக்கிறது, விற்கக் கஷ்டமானவையும் அவைதான். நல்ல நிறம், நல்ல அளவு எல்லாம் முதலில் போய்விடும். இருபது தேங்கிவிட்டால் வருவது 12,000. அதில் லாபம் 2000, அதிலிருந்து பொதிக்கும் செலவும் அனுப்பும் செலவும் கழிய வேண்டும். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் இருபது பொருளும் இலவச இணைப்பு.

நிறுத்தி வைக்கும் சோதனையில் இந்த வழி பாதி தேறும். கெடாத சரக்கு மூன்று வாரம் பேசாமல் கிடக்கும், வாடகை கேட்காது. ஆனால் பணம் அதில் முடங்கிக் கிடக்கும். சொந்தச் சேமிப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கைமாற்று வாங்கியோ, அதைவிட மோசமாக, அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகையை எடுத்தோ சரக்கு வாங்கியிருந்தால் முதலுக்கே மோசம். தொலைந்தாலும் படிப்பு நிற்காது என்ற அளவு பணத்துக்கு மட்டுமே சரக்கு எடுக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த வகையில் மாணவருக்கென்றே அமைந்தது பழைய பாடப்புத்தகமும், ஆய்வகக் கருவிகளும், விடுதியைக் காலி செய்பவர்கள் விட்டுப்போகும் மேசை விளக்கு போன்ற சாமான்களும். காரணம் லாபம் இல்லை, நாட்காட்டி. தேர்வெல்லாம் முடிந்து எல்லாரும் கிளம்பும் வாரத்தில் வாங்குகிறீர்கள், செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் விற்கிறீர்கள். இரண்டு நேரத்திலும் உங்களுக்கே தேர்வுத் தொல்லை கிடையாது. வாடிக்கையாளரும் நடந்துபோகும் தூரத்தில். எந்தப் பேராசிரியர் எந்தப் பதிப்பைக் கட்டாயம் கேட்பார் என்பது வெளியாளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பாடத்திட்டம் மாறுகிற வருடம் மட்டும் உஷாராக இருக்க வேண்டும்.

சரக்கே வைக்காமல் ஆர்டரை மட்டும் வாங்கி, இன்னொருவரை அனுப்பச் சொல்லும் ட்ராப்ஷிப்பிங்கைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். முதல் வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. விளம்பரத்துக்குக் கொட்டும் பணம்தான் அங்கே முதல். பொருள் தாமதமானாலும் உடைந்து வந்தாலும் திட்டு வாங்குவது நீங்கள், தேர்வு வாரத்திலும். என் வரிசையில் இது அடியில்.

செய்து விற்பது

கைவினைப் பொருள், மெழுகுவர்த்தி, அச்சிட்ட டிஷர்ட், தைத்த பைகள். இதில் ஒரே ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதன் பின்னால் வரும்: தொகுதி தொகுதியாகச் செய்வது. ஆர்டர் ஒவ்வொன்றாக வர வர உட்கார்ந்து செய்தால் வருடம் முழுக்க உங்களுக்கு விடுதலை இல்லை. இரண்டு வாரம் முன்பதிவு எடுத்து, பணத்தையும் வாங்கி, ஒரே வார இறுதியில் மொத்தமாகச் செய்து அனுப்பிவிட்டு, அடுத்த முன்பதிவு எப்போது என்று அறிவித்தால் சரக்குத் தேக்கமும் இல்லை, கைக்காசும் போடவேண்டியதில்லை. எட்ஸி போன்ற தளத்தில் கடையைத் தற்காலிகமாக மூடிவைக்கும் வசதியும் உண்டு. அங்கே விற்பனைத் தொகையில் 6.5 சதவீதம் பரிவர்த்தனைக் கட்டணமாகப் போகும், பட்டியலிடும் கட்டணமும் பணம் செலுத்தும் கட்டணமும் தனி.

சமைத்து விற்பதைப் பற்றியும் கேட்பார்கள். தினசரி உணவு என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். சுவைக்காக இல்லை. உணவுக்கு உரிமம், சுகாதார விதிகள் என்று எந்த நாட்டிலும் தனிக் கட்டுப்பாடு இருக்கும், விடுதிச் சமையலறை அதற்கு ஒத்துவராது. அதோடு நேற்று சாப்பிட்டவருக்கு இன்றும் பசிக்கும், உங்கள் தேர்வு அவருக்குத் தெரியாது. எப்போதாவது நடக்கும் விழாக்களுக்கு மட்டும் ஆர்டர் எடுப்பது வேறு விஷயம், அதைப் பரிசீலிக்கலாம்.

ஒருமுறை செய்து பலமுறை விற்பது

யூடியூப் சேனல், செயலி, இணையவழிப் பாடம், வடிவமைப்பு மாதிரிகள். தூங்கும்போதும் பணம் வரும் என்ற பேச்சை இந்த வகைக்குத்தான் சொல்வார்கள். நிறுத்தி வைக்கும் சோதனையில் இது முதல் மதிப்பெண் வாங்கும். மூன்று வாரம் எதுவும் செய்யாவிட்டாலும் ஏற்கெனவே போட்டது அங்கேயே இருக்கும். கோளாறு வேறிடத்தில்: காசு வரத் தொடங்கும் நாள் உங்கள் கையில் இல்லை.

யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு கடைசி 12 மாதத்தில் 4000 மணி நேரம் பொதுமக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அது பணம் வர ஆரம்பிக்கும் வாசல் மட்டுமே. செயலி செய்பவர்களுக்கு ஆப்பிள் 2021 முதல் ஒரு சலுகை தருகிறது. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறிய நிறுவனங்களிடம் 30க்குப் பதில் 15 சதவீதப் பங்கு. நல்ல சலுகைதான், ஆனால் மாணவருடைய பிரச்சினை ஆப்பிள் எடுக்கும் பங்கு அல்ல, முதல் நூறு பயனரைக் கண்டுபிடிப்பது.

இந்த வகையில் எனக்குப் பிடித்த கதை அலெக்ஸ் டியூ என்ற ஆங்கிலேய இளைஞருடையது. 2005 ஆகஸ்டில், பல்கலைக்கழகம் சேரவிருந்த 21 வயதில், படிப்புச் செலவுக்குப் பணம் திரட்ட ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தார். அதில் இருந்த பத்து லட்சம் பிக்சல்களை ஒன்று ஒரு டாலர் என்று விளம்பரத்துக்கு விற்றார். சில மாதங்களில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. மொத்த வரவு 10,37,100 டாலர். படிப்புக்காகத் தொடங்கிய அந்தத் தொழிலால் படிப்பே நின்றது, நாட்டிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்து விலகிவிட்டார். அவரைப் பார்த்து அதே மாதிரி பக்கம் திறந்தவர்கள் ஏராளம். புதுமைக்காகவே விற்ற ஒன்றை இரண்டாம் முறை விற்க முடியாது என்பதால் அவர்களுக்கு ஒன்றும் தேறவில்லை.

வகுப்புக் குறிப்புகளை விற்பது எளிதாகத் தெரியும். நீங்களே புரிந்து எழுதிய குறிப்பு என்றால் சரி. பேராசிரியரின் ஸ்லைடுகளை அப்படியே கோத்து விற்றால் பதிப்புரிமைப் பிரச்சினை, கல்லூரியோடும் பிரச்சினை.

ஆக, சம்பாத்தியம் உடனே தேவைப்படுபவர் இதை நம்பி இறங்கக் கூடாது. மேலே சொன்ன சேவை வேலையைச் செய்துகொண்டு, பக்கத்தில் இதை மெதுவாக வளர்க்கலாம். பத்து பேருக்குத் தனித்தனியாகச் சொல்லித் தந்த பிறகு, எந்த இடத்தில் எல்லாருக்கும் தடுக்குகிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு எடுக்கும் வீடியோ பாடத்துக்குத்தான் ஆள் வரும்.

நிறுவனமாகவே வளர்க்க நினைப்பவர்கள்

இவர்கள் வேறு ரகம். கைச்செலவுக்குச் சம்பாதிப்பது இவர்கள் நோக்கமில்லை. இங்கே ஒப்பிட வேண்டியது மூன்று: படித்துக்கொண்டே நடத்துவது, விடுப்பு எடுப்பது, படிப்பை விடுவது.

படிப்பை விட்டவர்கள் பட்டியலில் பில் கேட்ஸ் பெயர் முதலில் வரும். 1975இல் அவர் ஹார்வர்டில் எடுத்தது விடுப்பு. தொழில் படுத்திருந்தால் திரும்பிப்போக வழி இருந்தது. இந்தச் சின்ன விவரம் முடிவையே மாற்றக்கூடியது. உங்கள் கல்லூரியில் விடுப்புக்கு இடமுண்டா, எத்தனை செமஸ்டர், கட்டணமும் உதவித்தொகையும் என்ன ஆகும் என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விலகுவது பற்றிப் பேசவே கூடாது.

விடுவதா, சேர்த்து நடத்துவதா என்பதற்கு ஓரளவு வெளிச்சம் தரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014இல் வெளியிட்டது. வேலையில் இருந்துகொண்டே தொழில் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தோற்றுப்போகும் வாய்ப்பு, வேலையை விட்டுவிட்டு நேராகக் குதித்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று அமெரிக்கத் தரவுகளை வைத்துக் கண்டார்கள். அவர்கள் பார்த்தது வேலையில் இருப்பவர்களை, மாணவர்களை அல்ல. ஆனால் காரணம் இங்கேயும் பொருந்தும் என்று நினைக்கிறேன். சேர்த்து நடத்தும் காலத்தில் இந்தத் தொழில் தேறுமா என்று சின்னச் செலவில் தெரிந்துவிடுகிறது, தேறாதவை முழுநேரம் ஆவதற்கு முன்பே கைவிடப்படுகின்றன.

வயது போய்விடும் என்ற பதற்றமும் தேவையற்றது. பியர் அசூலே உள்ளிட்ட நான்கு பேர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் அதிவேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லத்தக்க புதிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கும்போது 45. ஃபிரெட் ஸ்மித் 1965இல் யேல் மாணவராக இருந்தபோது எழுதிய ஒரு கட்டுரையில் இரவோடு இரவாகப் பொதி சேர்க்கும் யோசனையின் கரு இருந்தது. ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தைத் தொடங்கியது 1971இல், முதல் விமானங்கள் பறந்தது 1973இல். கட்டுரைக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் அவர் ராணுவத்தில் இருந்தார். யோசனை காத்திருந்து கெட்டுப்போகவில்லை. விமானம் வாங்க வேண்டிய தொழிலை விடுதியிலிருந்து தொடங்கியிருக்கவும் முடியாது.

ஆய்வகம் பயன்படுத்தி ஏதாவது கண்டுபிடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது உரிமை யாருக்கு என்பது. பல பல்கலைக்கழகங்களில், அவற்றின் பணத்திலும் கருவியிலும் உருவானதற்கு அவையே உரிமை கோரும். கூகுள் பிறக்கக் காரணமான, இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமைக்காகக் கூகுள் கொடுத்த பங்குகளைப் பல்கலைக்கழகம் 2005இல் விற்று 33.6 கோடி டாலர் பெற்றது. யாரும் ஏமாற்றவில்லை, விதி அப்படி இருந்தது. உங்கள் கல்லூரியின் விதியை முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.

தனியாகவா, நண்பர்களோடா

நண்பர்கள் என்றால் தேர்வு வாரத்தில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உண்மையான லாபம். வெவ்வேறு துறையில் படிப்பவர்களாக, தேர்வு தேதி வெவ்வேறாக இருந்தால் மட்டும். ஒரே வகுப்புத் தோழர்கள் நால்வர் சேர்ந்தால் நால்வரும் ஒரே வாரத்தில் காணாமல் போவார்கள்.

ஆபத்து பங்கு பிரிப்பதில். ஸ்னாப்சாட் யோசனை முளைத்தபோது இருந்த மூவரும் ஸ்டான்ஃபோர்டில் படித்தவர்கள். அதில் ஒருவர் 2011லேயே வெளியேற்றப்பட்டு, பிறகு வழக்குத் தொடர்ந்தார். 2014இல் சமரசம் ஆனது. நிறுவனம் அவருக்குக் கொடுத்தது 15.75 கோடி டாலர் என்பது பின்னால் அவர்களுடைய பங்கு வெளியீட்டு ஆவணத்தில் வெளியானது. உங்கள் தொழிலில் அத்தனை பணம் இருக்காது, ஆனால் சண்டை அதே சண்டைதான்: நான் யோசனை சொன்னேன், நீ என்ன செய்தாய்?

புது நிறுவனங்களில் வழக்கமாக வைக்கும் ஏற்பாட்டைச் சின்ன அளவில் பின்பற்றலாம். பங்கு நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் எதுவும் இல்லை. கல்லூரித் தொழிலுக்கு நான்கு ஆண்டு பெரிது, செமஸ்டர் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு பணம் போட்டார், வாரம் எத்தனை மணி நேரம் தருவார், படிப்பு முடிந்தால் பெயரும் கணக்கும் யாருக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டால் போதும். லாபம் வந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப் போட்டால் அப்போது யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

தொடங்காமல் இருப்பது

இதுவும் ஒரு வழிதான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி அங்கே புதிய தொழில்களில் ஐந்தில் ஒன்று முதல் வருடமே மூடப்படுகிறது, ஐந்து வருடத்தில் பாதி. மாதா மாதம் உறுதியாகப் பணம் தேவைப்படுகிறவருக்கு, முக்கியமாக அந்தப் பணத்தை நம்பி அறை வாடகையோ வீட்டுச் செலவோ இருந்தால், கல்லூரிக்குள்ளேயே கிடைக்கும் பகுதிநேர வேலை எந்தத் தொழிலையும்விட மேல். தேர்வு வந்தால் விடுப்பு தருவார்கள், ஏனென்றால் வேலை தருபவருக்கே அந்த நாட்காட்டி தெரியும்.

வெளிநாட்டில் படிப்பவர்களுக்குச் சில இடங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது. இணையத்தில் ஃப்ரீலான்ஸ் வேலை எடுப்பதும் அதில் அடங்கும். கூலிக்குப் போக அனுமதி இருக்கிறதே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. உள்நாட்டில் படிப்பவர்களும் உதவித்தொகை நிபந்தனை, விடுதி விதி, வருமானவரி மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து தொழில் பணம் முழுவதையும் அதில் மட்டும் புழங்கவிட்டால் வரிக் கணக்கும் சுலபம், லாபமா நஷ்டமா என்பதும் மறைக்க முடியாதபடி தெரியும்.

என்னிடம் வரிசைப்படுத்தச் சொன்னால்: முடிவுத் தேதியோடு கூடிய சேவை வேலை முதலில். செமஸ்டர் தொடக்கத்தை ஒட்டிய வாங்கி விற்றல் இரண்டாவது, முன்பதிவோடு செய்து விற்பது அதற்குப் பக்கத்தில். வீடியோவும் செயலியும் பொறுமையும் வேறு வருமானமும் உள்ளவர்களுக்கு. மாதக் கட்டணச் சேவை, தினசரி உணவு, ட்ராப்ஷிப்பிங் மூன்றும் படிப்பு முடிந்த பிறகு.

இன்னொரு தேதியும் முதல் நாளிலிருந்தே தெரியும், பட்டம் வாங்கும் நாள். அன்றைக்குத் தொழில் உங்களோடு வருமா, கல்லூரியிலேயே தங்குமா? வடிவமைப்பு வேலை வரும், வாடிக்கையாளர் பட்டியலும் சேர்ந்து வரும். பழைய புத்தக வியாபாரம் வராது, அதன் உயிரே அந்த வளாகம்தான். அப்படிப்பட்ட தொழில் என்றால் கடைசி ஆண்டு தொடங்கும்போதே ஒரு ஜூனியரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பதிப்பு ஓடும், யாரிடம் மொத்தமாகக் கிடைக்கும் என்பதைக் கற்றுக்கொடுத்து, கணக்குப் புத்தகத்தையும் வாடிக்கையாளர் எண்களையும் ஒரு தொகைக்கு அவருக்கு விற்றுவிடலாம். மொத்தமாகத் தர முடியாவிட்டால் அடுத்த செமஸ்டரின் விற்பனையில் பங்காகத் தரட்டும், அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.